1 லிட்டர் 250 லிட்டராகப் பெருகும் என்றால், சிலிண்டரில் 4 கிலோ ஏன் தங்குகிறது?

கேன்டீன்_மதுரை
2025 பிப்ரவரி 3, இரவு 9:10

19 கிலோ சமையல் எரிவாயு (எல்பிஜி) சிலிண்டர் ஒன்று, ஹை பிரஷர் அடுப்பு இரண்டு. காலை 5 மணிக்குப் பற்றவைக்கிறோம். புது சிலிண்டர் மாட்டிய அன்று எந்தத் தொல்லையும் இல்லை. பாதிக்குக் கீழே இறங்கியபிறகுதான் வம்பு. 6 மணி வாக்கில் சிலிண்டரின் அடிப்பாகம் வேர்க்கிறது, 7 மணிக்கு வெள்ளையாகப் பனி பிடிக்கிறது, தீ படுத்துவிடுகிறது. கழற்றி எடை போட்டால் 4 கிலோ உள்ளேயே கிடக்கிறது.

திரவம் ஆவியானால் 250 மடங்கு பெருகும் என்கிறார்கள். 4 கிலோ என்றால் ஏழு லிட்டருக்கு மேல் திரவம். 250-ஆல் பெருக்கினால் 1,800 லிட்டர் ஆவி. அவ்வளவும் உள்ளே முட்டிக்கொண்டு நிற்கும்போது ஏன் வெளியே வரமாட்டேன் என்கிறது? ஏஜென்சியில் கேட்டால் வெந்நீர் ஊற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா?


குழாய்வேலை
பிப்ரவரி 3, இரவு 10:02

வெந்நீர் வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன், கையை முதலில் நிறுத்துங்கள்.

உள்ளே 1,800 லிட்டர் ஆவி முட்டிக்கொண்டு நிற்கவில்லை அண்ணே. ஏழு லிட்டர் திரவம்தான் நிற்கிறது. அது ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும், ஒரு கிலோவுக்குச் சுமார் 365 கிலோஜூல். அந்த வெப்பம் அடுப்புத் தீயிலிருந்து வருவதில்லை. சுற்றியுள்ள காற்றிலிருந்து சிலிண்டரின் இரும்புச் சுவர் வழியாக உள்ளே போக வேண்டும். காற்று கொடுக்கிற வேகத்தைவிட நீங்கள் இழுக்கிற வேகம் கூடினால், திரவம் தன் சொந்தச் சூட்டைச் செலவழித்து ஆவியாகிறது. அதனால் அதுவே குளிர்ந்துபோகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே 10 கிலோ திரவம் இருந்தால், அதை ஒரு டிகிரி இறக்க 25 கிலோஜூல். சிலிண்டர் இரும்பு 17 கிலோவுக்கு இன்னொரு 8. இரண்டும் சேர்ந்து 33. வெளியிலிருந்து வெப்பமே வராவிட்டால் ஒரு கிலோ ஆவியாகும்போது 365-ஐ 33-ஆல் வகுக்க 11 டிகிரி இறங்கும். 5 கிலோதான் மிச்சம் என்றால் அதே ஒரு கிலோவுக்கு 18 டிகிரி இறங்கும். சிலிண்டர் பாதிக்குக் கீழே போனபிறகு தொல்லை தொடங்குவதற்கு ஒரு காரணம் இது.

இரண்டு ஹை பிரஷர் அடுப்பும் சேர்ந்து மணிக்கு 2 கிலோ இழுக்கும் என்று வையுங்கள். திரவம் பாதியளவில் இருக்கும்போது, காற்று கொடுப்பதையும் கழித்துப் பார்த்தால், இரண்டு மணி நேரத்தில் 35 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். காலையில் 28 டிகிரி என்றால் பூச்சியத்துக்குக் கீழே. நீங்கள் பார்க்கும் பனி அதுதான். வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த இரும்பில் படிந்து உறைகிறது, அவ்வளவே. கசிவு அல்ல.

சிலிண்டருக்குள் 250 மடங்கு பெருகிய ஆவி ரெகுலேட்டருக்கு வருகிறது, ஆனால் அப்படிப் பெருகுவதற்கான வெப்பம் தீர்ந்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.


வேதியியல்_வாத்தியார்
பிப்ரவரி 4, காலை 6:40

250 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துவிடுவோம். எல்பிஜியில் இருப்பவை முக்கியமாகப் புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்கள். 15 டிகிரியில் ஒரு லிட்டர் திரவப் புரோப்பேன் 507 கிராம். மோலார் நிறை 44.1, ஆக 11.5 மோல். அந்த வெப்பநிலையில் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோல் வாயு 23.6 லிட்டர் இடம் பிடிக்கும். பெருக்கினால் 271. பியூட்டேனுக்கு ஒரு லிட்டர் 584 கிராம், 10 மோல், 237 வரும். பியூட்டேன் ஆவி இலட்சிய வாயுவைவிடக் கொஞ்சம் அடர்ந்தது, அதனால் உண்மையில் 230-ஐ ஒட்டி நிற்கும். நம் ஊர் எல்பிஜி இரண்டும் கலந்தது, பியூட்டேன் பங்கு கூடுதல். ஆகவே 250 என்பது வசதிக்கான முழு எண்.

புரோப்பேன் அதன் கொதிநிலையான மைனஸ் 42 டிகிரியிலேயே இருந்தால் திரவமும் அடர்த்தி, ஆவியும் அடர்த்தி. அங்கே விகிதம் 240 மட்டுமே. எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் என்று சொல்லாமல் மடங்கு சொல்வதில் அர்த்தமில்லை.

தண்ணீர் நீராவியாகும்போது 1,700 மடங்கை ஒட்டிப் பெருகும், புரோப்பேன் 270-தானே, அப்படியானால் இது சாதுவா என்று மாணவர்கள் கேட்பார்கள். தண்ணீருக்கு ஒரு கிலோவுக்கு 2,257 கிலோஜூல் கொடுத்தால்தான் அது பெருகும். புரோப்பேன் நம் அறை வெப்பத்திலேயே கொதிநிலையைத் தாண்டி நிற்கிறது. மூடி மட்டும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.


குழாய்வேலை
பிப்ரவரி 4, காலை 8:15

வாத்தியார் சொன்னதும் நேற்று இரவு எழுதிய கடைசி வரியைத் திருத்தியாக வேண்டும். 250 மடங்கும் சிலிண்டருக்குள் நடப்பதில்லை. புரோப்பேன், பியூட்டேன் 40:60 கலவை என்று வைத்தால் 30 டிகிரியில் உள்ளே அழுத்தம் 6 பார் (ஒரு பார் என்பது சாதாரணக் காற்றழுத்தத்தை ஒட்டிய அளவு), அதாவது வெளிக்காற்றின் அழுத்தம் போக கேஜில் 5 பார் காட்டும். அந்த அழுத்தத்தில் ஆவியே நெரிசலாக இருக்கும். ஒரு லிட்டர் திரவம் உள்ளே 40 லிட்டர் ஆவிதான் ஆகிறது. மிச்ச ஆறு மடங்கு ரெகுலேட்டரைத் தாண்டியபிறகு, அழுத்தம் 30 மில்லிபாருக்கு விழும்போது நடக்கிறது. ஹை பிரஷர் ரெகுலேட்டரில் அழுத்தம் அங்கே பாதிதான் விழும், மீதி பர்னரின் ஜெட்டில் விழும்.

இரண்டையும் பிரித்துச் சொல்வது வெறும் படிப்புக்காக இல்லை. வெப்பத்தைத் தின்பது முதல் படி, சிலிண்டருக்குள் நடப்பது. ரெகுலேட்டரில் சில டிகிரி குளிர்வதோடு சரி. அதனால் பனி சிலிண்டரின் அடியில் இருந்தால் இழுவை அதிகம் என்று பொருள். ரெகுலேட்டரே உறைந்து வெள்ளையாக இருந்தால் வேறு சந்தேகம் வர வேண்டும். திரவம் ரெகுலேட்டர் வரை வருகிறதா, இல்லை வாயுவில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.


கேன்டீன்_மதுரை
பிப்ரவரி 4, மதியம் 2:30

ரெகுலேட்டரில் பனி இல்லை. சிலிண்டரில் மட்டும்தான், அதுவும் அடியிலிருந்து ஒன்றரைச் சாண் உயரம் வரை. அதற்கு மேலே காய்ந்து கிடக்கிறது.


குழாய்வேலை
பிப்ரவரி 4, மதியம் 2:48

அந்த ஒன்றரைச் சாண்தான் திரவத்தின் மட்டம். கேஜ் எதுவும் வேண்டாம், வேர்வைக் கோடே காட்டிக்கொடுத்துவிடும்.

வெப்பம் உள்ளே போவதும் அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள இரும்பு வழியாகத்தான். மேலே உள்ள சுவர் ஆவியை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிறது, பயனில்லை. மட்டம் இறங்க இறங்க வெப்பம் வாங்கும் பரப்பும் சுருங்குகிறது. இது இரண்டாவது காரணம்.

மூன்றாவது காரணம்தான் உங்கள் 4 கிலோவைப் பிடித்து வைத்திருப்பது. புரோப்பேனும் பியூட்டேனும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. 20 டிகிரியில் புரோப்பேனின் ஆவியழுத்தம் 8.4 பார், பியூட்டேனுக்கு 2.1 மட்டுமே. முதல் நாளில் வெளியே போகும் ஆவியில் புரோப்பேன் அதிகம். கடைசியில் அடியில் தங்குவது பெரும்பாலும் பியூட்டேன். சாதாரண பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. சிலிண்டர் பூச்சியத்துக்கு இறங்கிவிட்டால் பியூட்டேனுக்கு வெளிக்காற்றைத் தள்ளும் வலுவே இல்லை. கொஞ்சம் மிச்சமிருக்கும் புரோப்பேன் தள்ளுகிற தள்ளல்தான். ஹை பிரஷர் ரெகுலேட்டருக்கு ஒன்று, ஒன்றரை பார் வேண்டும். உள்ளே கால் பார், அரை பார்தான் இருக்கிறது. எப்படி எரியும்?

இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று. அந்த 4 கிலோவைத் திருப்பி அனுப்பாதீர்கள். கழற்றி இரண்டு மணி நேரம் நிழலில் வைத்தால் அறை வெப்பத்துக்கு வந்துவிடும். பிறகு அதன் வால்வுக்குப் பொருந்தும் லோ பிரஷர் ரெகுலேட்டர் போட்டு டீ அடுப்புக்குக் கொடுங்கள். அதற்கு 30 மில்லிபார் போதும், இழுவையும் மணிக்கு 200 கிராமுக்குள். 10 டிகிரி பியூட்டேன்கூட அரை பார் தரும். ஒட்டத் துடைத்தாற்போல் எரிந்து முடியும்.


நிரப்புமேடை
பிப்ரவரி 4, இரவு 7:55

வெந்நீர் ஏன் கூடாது என்பதை நிரப்பும் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

வீட்டு சிலிண்டரின் நீர்க் கொள்ளளவு 33.3 லிட்டர். அதில் 14.2 கிலோதான் நிரப்புகிறோம், திரவம் 26 லிட்டரைச் சுற்றி. 19 கிலோ சிலிண்டருக்கு 44.5 லிட்டர், அங்கேயும் அதே விகிதம். ஐந்தில் ஒரு பங்கு காலி விடுவது குறைத்துக் கொடுப்பதற்காக இல்லை. திரவம் ஆவியாகிப் பெருகுவது ஒரு கதை, திரவமாகவே பெருகுவது இன்னொரு கதை. தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால் ஒன்றரை சதவீதம்கூடப் பெருகாது. எல்பிஜி 10 சதவீதத்தை ஒட்டிப் பெருகும். அந்தக் காலி இடம் அதற்காக விட்டது.

காலி இடம் முழுதும் தீர்ந்து சிலிண்டர் திரவத்தால் நிறைந்துவிட்டால் ஆவி என்ற மெத்தை இல்லை. அதற்குப்பிறகு ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் 5 பாருக்கு மேல் தாவும். இந்த சிலிண்டர்களின் நீர்ச் சோதனை அழுத்தமே சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ, 25 பாரை ஒட்டி. சில டிகிரியில் அதைத் தாண்டிவிடும். கொதிக்கும் தண்ணீரை எவ்வளவு ஊற்றினோம், எங்கே ஊற்றினோம் என்று யாரும் அளப்பதில்லை. பாதி சிலிண்டருக்கு ஊற்றிப் பழகிய கை, அவசரத்தில் நிறை சிலிண்டருக்கும் ஊற்றும். அடுப்பின் பக்கத்தில் நகர்த்தி வைப்பதும் இதே தப்புத்தான்.


கேன்டீன்_மதுரை
பிப்ரவரி 5, காலை 10:20

கல்யாண சமையலில் அண்டாவில் தண்ணீர் நிரப்பி சிலிண்டரை உள்ளே நிறுத்துகிறார்கள். சிலர் கடைசியில் படுக்கப் போட்டும் எடுக்கிறார்கள். அவை?


குழாய்வேலை
பிப்ரவரி 5, காலை 11:05

படுக்கப் போடுவதை நினைக்கவே வேண்டாம். நிற்கும்போது வால்வின் வாயில் ஆவி. சாய்த்தால் திரவம். ஆவி என்று நினைத்து ரெகுலேட்டர் விடும் இடத்தில் திரவம் புகுந்தால், அது ஹோஸிலும் பர்னரிலும் போய்ப் பெருகும். 250 மடங்கு உங்கள் முகத்துக்கு எதிரே நடக்கும். ஒரு நொடியில் தீ ஆளுயரத்துக்கு எழும். ரெகுலேட்டருக்குள் இருக்கும் ரப்பர் டயாபிரம் குளிரில் விறைத்துப்போய் அதற்கப்புறம் அழுத்தத்தைப் பிடிக்காது.

அண்டாத் தண்ணீர் விஷயம் வேறு. சாதாரணக் குழாய்த் தண்ணீர் என்றால் அது சூடேற்றுவது அல்ல, 28 டிகிரி தண்ணீர் 28 டிகிரிக்கு மேல் கொண்டுபோகாது. காற்றைவிடத் தண்ணீர் பல மடங்கு வேகமாக வெப்பம் கொடுக்கும், அதனால் பலன் உண்டு. ஆனால் அதில் யாரும் கவனிக்காத ஒரு ஆபத்து இருக்கிறது, மிதப்பு. காலி சிலிண்டர் 17 கிலோ. முழுக்க முங்கினால் 45 லிட்டருக்கு மேல் தண்ணீரை விலக்கும். தண்ணீர் ஆழமாக இருந்தால், வாயு தீரத் தீர சிலிண்டர் லேசாகி மிதந்து சாயும். சாய்ந்தால் மேலே சொன்ன திரவக் கதை. தண்ணீர் அரை அடிக்கு மேல் நிற்கவே கூடாது. அந்த உயரத்தில் விலக்கும் தண்ணீர் 12 கிலோதான், சிலிண்டர் ஊன்றி நிற்கும். திரவமும் கடைசியில் அந்த அரை அடிக்குள்தான் இருக்கிறது, அதுவே போதும்.

கல்யாண மண்டபத்தில் ஒரு நாளுக்குச் சரி. தினமும் செய்தால் அடி வளையம் துருப்பிடித்து ஓட்டை விழும். உங்களுக்கு அது தீர்வு இல்லை. மேனிஃபோல்ட் போடுங்கள், அதாவது பல சிலிண்டரை ஒரே குழாயில் சேர்த்து ஓட்டுவது. கணக்கு மாலையில் தருகிறேன்.


குழாய்வேலை
பிப்ரவரி 5, இரவு 8:30

மேனிஃபோல்ட் கணக்கு.

நம் ஊர் வெப்பத்தில் 19 கிலோ சிலிண்டர் ஒன்றிலிருந்து தொடர்ச்சியாக எடுக்கக்கூடியது மணிக்கு அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோவுக்குள். உங்கள் தேவை 2 கிலோ, இரண்டு மணி நேரம், அப்புறம் இழுவை குறைந்துவிடும். மூன்று சிலிண்டரைச் சேர்த்து ஓட்டினால் ஆளுக்கு 670 கிராம். இரண்டு மணி நேரத்தில் இறக்கம் சுமார் 10 டிகிரியோடு நிற்கும். வேர்க்கும், பனி பிடிக்காது. மதியத்துக்குள் பழைய சூட்டுக்கு வந்துவிடும்.

ஓட்டத்தில் மூன்று, மாற்றுக்கு இரண்டு. ஐந்தும் சேர்ந்து 95 கிலோ. எரிவாயு சிலிண்டர் விதிகள் 2016-ன்படி 100 கிலோ வரை வைக்கத் தனி உரிமம் தேவையில்லை, அதற்குள் அடங்குகிறது. ஆறாவது சிலிண்டர் வைத்தால் 114, வேறு கணக்கு.

ஒவ்வொரு பிக்டெயிலிலும் (சிலிண்டரைப் பொதுக் குழாயோடு இணைக்கும் சிறு குழாய்) ‘நான் ரிட்டர்ன்’ வால்வு, அதாவது ஆவியைத் திரும்பி வர விடாத வால்வு, கட்டாயம். இதைச் சேமிக்கிறேன் என்று விட்டுவிடுகிறார்கள். நிறை சிலிண்டரில் புரோப்பேன் அதிகம், அழுத்தம் கூடுதல். பக்கத்தில் பாதி தீர்ந்த, குளிர்ந்த சிலிண்டர் இருந்தால் நிறை சிலிண்டரின் ஆவி அடுப்புக்குப் போகாமல் குளிர்ந்த சிலிண்டருக்குள் புகுந்து திரும்பத் திரவமாகும். மூன்றையும் ஒரே நாளில் மாற்றி, மூன்றின் வால்வையும் ஒன்றாகவே திறந்து வையுங்கள். ஒன்றை மூடி வைத்து “இதை அப்புறம் பார்க்கலாம்” என்றால் மற்ற இரண்டும் பனி பிடிக்கும்.

சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே நாலு விரல் இடம் விடுங்கள். சுவரோடு ஒட்டி, சாக்குப் போட்டு மூடி வைத்தால் காற்று வராது. காற்று வராவிட்டால் வெப்பமும் வராது.


நீலகிரி_பேக்கரி
பிப்ரவரி 6, காலை 7:15

ஊட்டியில் ஜனவரி விடியற்காலை பூச்சியத்தை ஒட்டிப் போகும். இங்கே மூன்று சிலிண்டர் போட்டாலும் காற்றிலேயே வெப்பம் இல்லையே. அதோடு மலையில் 250 மடங்கு என்ற கணக்கு மாறுமா?


குழாய்வேலை
பிப்ரவரி 6, காலை 9:40

மாறும், உங்களுக்குச் சாதகமாகவும் பாதகமாகவும்.

2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் முக்கால் பங்குதான், 0.77 பாரை ஒட்டி. அதே ஒரு லிட்டர் திரவம் அங்கே 325 லிட்டர் ஆவியாகும். பியூட்டேனின் கொதிநிலையும் மைனஸ் 7, 8 டிகிரி வரை இறங்கும், அதனால் சமவெளியில் பூச்சியத்தில் நின்றுபோகும் சிலிண்டர் உங்கள் ஊரில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இது சாதகம்.

பாதகம் ஜெட்டில். ரெகுலேட்டர் சுற்றியுள்ள காற்றைவிட 30 மில்லிபார் கூடுதல் என்று மட்டுமே பார்க்கும். ஆவி லேசாகிவிட்டதால் அதே ஓட்டை வழியாகப் போகும் எடை குறையும், சுமார் 12 சதவீதம். அடுப்பின் சூடும் அதே அளவு குறையும். தண்ணீரும் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். அடுப்பைக் குறை சொல்லி ஜெட் ஓட்டையைப் பெரிதாக்குகிறவர்கள் உண்டு. ஏற்கெனவே காற்றில் ஆக்சிஜன் குறைவு, ஓட்டையைப் பெரிதாக்கினால் தீ மஞ்சளாகிப் பாத்திரம் கரிபிடிக்கும், மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். தொடாதீர்கள்.

பேக்கரி அடுப்பு மணிக்கு 3, 4 கிலோ இழுக்கும் என்றால் உங்களுக்கு 47.5 கிலோ எல்ஓடி (திரவமாகவே எடுக்கும் ‘லிக்விட் ஆஃப் டேக்’) சிலிண்டரும் வேப்பரைசரும்தான் வழி. அதில் உள்ளே அடி வரை ஒரு குழாய் இறங்கியிருக்கும், திரவமாகவே எடுத்து வெளியே வேப்பரைசரின் வெந்நீர்த் தொட்டியில் ஆவியாக்குகிறோம். வெப்பத்தைக் காற்றிடம் கேட்காமல் நாமே கொடுக்கிறோம். புரோப்பேன் முதலில், பியூட்டேன் கடைசியில் என்ற பாகுபாடும் இல்லை, கலவை அப்படியே வருவதால் அடியில் எதுவும் தங்காது.


நிரப்புமேடை
பிப்ரவரி 6, மதியம் 1:10

எல்ஓடி போடுகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். திரவக் குழாயில் இரண்டு வால்வுக்கு நடுவே திரவம் சிக்கக்கூடாது. இரவு வேலை முடித்து இரண்டையும் மூடிவிட்டுப் போனால், காலை வெயிலில் அந்தக் குழாய்க்குள் மெத்தை இல்லாத திரவம். நேற்று சொன்ன அதே கணக்கு, டிகிரிக்கு 5 பாருக்கு மேல். 10 டிகிரி ஏறினால் எந்த கேஸ்கெட் நிற்கும்? இரண்டு வால்வுக்கு நடுவே ஒரு ஹைட்ரோஸ்டாடிக் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து விடுவது) இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பில்லில் கையெழுத்துப் போடுங்கள். மூடும்போது சிலிண்டர் பக்கம் முதலில் மூடி, குழாயில் இருப்பதை எரித்துத் தீர்த்துவிட்டுப் பிறகு மற்றதை மூடுங்கள்.


குழாய்வேலை
பிப்ரவரி 6, இரவு 9:25

வால்வு மூடும் வரிசை என்றதும் பிரான்சில் லியோன் நகருக்குத் தெற்கே ஃபெய்சின் சுத்திகரிப்பு ஆலையில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. 1966 ஜனவரி 4. புரோப்பேன் கோளத் தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரை வடிக்கிறார்கள். வடிகுழாயில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வால்வு. மேல் வால்வை முழுதும் திறந்துவிட்டு, கீழ் வால்வால் அளவு பார்க்க வேண்டும். அன்று வரிசை மாறிப்போனது. கீழ் வால்வு முழுதும் திறந்திருந்தது, மேல் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள்.

தண்ணீர் தீர்ந்து புரோப்பேன் வரத் தொடங்கியதும் அந்தச் சின்ன இடைவெளியில் அது ஆவியாகிப் பெருகுகிறது, குளிர்கிறது, ஈரம் உறைந்து அடைக்கிறது. ஒன்றும் வரவில்லையே என்று மேலும் திறக்கிறார்கள். அடைப்பு விட்டதும் புரோப்பேன் கொட்டுகிறது. மேல் வால்வை மூட முடியவில்லை. கீழ் வால்வு உறைந்துவிட்டது. ஆவி மேகம் பக்கத்துச் சாலை வரை பரவி ஒரு காரில் பற்றியது. கோளம் வெடித்தது. 18 பேர் இறந்தார்கள்.

வரிசை சரியாக இருந்திருந்தால் உறைவது கீழ் வால்வாக இருந்திருக்கும், மேல் வால்வு மூடுவதற்குத் தயாராக இருந்திருக்கும். எல்பிஜி எங்கே பெருகுகிறதோ அங்கேதான் உறையும். தொட்டிக்கு அருகில் இருக்கிற வால்வில் அது பெருக விடவே கூடாது.


கேன்டீன்_மதுரை
பிப்ரவரி 7, காலை 11:00

கசிவு விஷயத்தில் இந்த 250 மடங்கை எப்படிப் புரிந்துகொள்வது? சமையலறை 10 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி.


வேதியியல்_வாத்தியார்
பிப்ரவரி 7, மதியம் 12:35

நல்ல அளவு கொடுத்தீர்கள். அறையின் கொள்ளளவு 28.3 கனமீட்டர். எல்பிஜி காற்றில் 1.8 சதவீதம் கலந்தாலே பற்றும். அறை முழுக்கச் சமமாகக் கலக்க அரை கனமீட்டர் ஆவி வேண்டும், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் சமமாகக் கலப்பதில்லை. இந்த ஆவி காற்றைப்போல் 1.8 மடங்கு கனம், தரையில் தவழும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு மட்டும் பரவியது என்று வையுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு போதும், சுமார் 110 கிராம். திரவமாகச் சொன்னால் 200 மில்லி, ஒரு டம்ளர்.

ஒரு டம்ளர் திரவம் 50 லிட்டர் ஆவி. 50 லிட்டர் ஆவி காற்றோடு கலந்து 2,800 லிட்டர் பற்றக்கூடிய கலவை. உங்கள் அறையின் தரை முழுக்க, கணுக்காலுக்கு மேல் வரை.


குழாய்வேலை
பிப்ரவரி 7, மதியம் 1:20

அந்த டம்ளர் கணக்கைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

அதனால்தான் டிடெக்டரைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்டச் சொல்கிறோம். கூரையில் மாட்டினால் சமையல் புகைக்கு அலறும், கசிவுக்கு அலறாது. காற்று போகும் துவாரமும் தரை மட்டத்தில் வேண்டும். மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் இதற்கு உதவாது, கசிவு நாற்றம் வந்தபிறகு அதன் சுவிட்சைத் தொடுவதே ஆபத்து. தரையில் சாக்கடைக் குழி இருந்தால் ஆவி அதற்குள் இறங்கி அடுத்த அறையில் எழும், அங்கே விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சிலிண்டர் வைக்கும் இடத்தில் வடிகால் வாய் இருக்கக்கூடாது.

திரவம் கசிந்தால் வெள்ளை மேகம் தெரியும். அது வாயு அல்ல, குளிரில் படிந்த காற்றின் ஈரம். வாயு கண்ணுக்குத் தெரியாது, மேகத்தின் ஓரத்தைத் தாண்டியும் இருக்கும். மேகம் இங்கே முடிகிறது, இதற்கு அப்பால் பயமில்லை என்று நிற்காதீர்கள். போன மாதம் 3-ஆம் தேதி கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் டாங்கர் கவிழ்ந்தபோது தீயணைப்புத் துறையினர் விடாமல் தண்ணீர் பீய்ச்சியது தீயை அணைக்க இல்லை, தீயே இல்லை. தண்ணீர்த் திவலை காற்றை இழுத்து ஆவியோடு கலந்து 1.8-க்குக் கீழே கொண்டுபோகும். 18 டன் என்றால் ஆவியாக 8,500 கனமீட்டர். உங்கள் சமையலறையைப் போல் 300 அறை கொள்ளும் சுத்தமான ஆவி.

சோப்புத் தண்ணீர்ச் சோதனை மேனிஃபோல்ட் போட்ட அன்று மட்டும் செய்வதல்ல. சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் வால்வு வாயில் உள்ள ஓ ரிங்கை விரலால் தொட்டுப் பாருங்கள். வெடிப்பு இருந்தால், இல்லவே இல்லை என்றால், அந்த சிலிண்டரை மாட்டாதீர்கள். மூடியைப் போட்டு வெளியே வைத்துத் திருப்பி அனுப்புங்கள்.


கேன்டீன்_மதுரை
பிப்ரவரி 24, இரவு 8:45

மேனிஃபோல்ட் மூன்று போட்டாயிற்று, நான் ரிட்டர்ன் வால்வோடு. வேர்வை வருகிறது, பனி இல்லை. முதல் செட் மாற்றும்போது எடை போட்டேன். ஒன்றில் 700 கிராம், ஒன்றில் 900, மூன்றாவதில் 2 கிலோ 300. ஒரே குழாய், ஒன்றில் மட்டும் ஏன் இவ்வளவு?


குழாய்வேலை
பிப்ரவரி 24, இரவு 9:30

மூன்று இடம் பார்க்க வேண்டும் அண்ணே.

முதலில் அந்த சிலிண்டரின் டேர் எடையை, அதாவது காலி எடையை, கழுத்துப் பட்டையில் படித்துக் கழித்தீர்களா, இல்லை 17 என்று மனக்கணக்காகக் கழித்தீர்களா? சிலிண்டருக்கு சிலிண்டர் ஒரு கிலோ வரை மாறும்.

டேர் சரி என்றால் அது நின்ற இடத்தைப் பாருங்கள். சுவர் மூலையில் இருந்ததா, காற்றுப் படாத பக்கமா? குளிர்ந்த சிலிண்டரின் அழுத்தம் குறைவு, சூடான இரண்டும் ஓடும்போது அதன் நான் ரிட்டர்ன் வால்வு மூடியே இருந்திருக்கும்.

அதுவும் இல்லை என்றால் அந்த வால்வே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று பிக்டெயிலையும் அடுத்த செட்டில் இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள். மிச்சம் பிக்டெயிலோடு நகர்ந்தால் வால்வு, இடத்தோடு நின்றால் காற்று.


கேன்டீன்_மதுரை
மார்ச் 16, இரவு 9:05

இடம்தான். மூலையில் இருந்தது, பக்கத்தில் அரிசி மூட்டை அடுக்கியிருந்தோம். மூட்டையை எடுத்தோம். இன்று கழற்றியதில் 800, 750, 900 கிராம். டேர் மூன்றுக்கும் பட்டையில் பார்த்தே கழித்தேன்: 16.9, 17.6, 17.2.